கல்லுக்கு முன்னால் ஓடும் துடைப்பம்

எழுபத்தொரு வயது வரை நான் துடைப்பத்தைக் கையில் எடுத்தது ஒரே ஒரு நாள். அதுவும் எடுக்கக் கூடாத நாளாகப் போய்விட்டது.

என் மகள் ஸ்காட்லாந்துக்குப் படிக்கப் புறப்பட்ட நாள் அது. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. சாயங்காலம் நாலு மணிக்கு வாடகைக் கார் எங்கள் இடவழியை விட்டு வெளியே போனது. எனக்குக் காரில் ஏறினால் வாந்தி வரும். அதனால் விமான நிலையம் வரை நான் போகவில்லை. வழியனுப்ப வந்த தேவாலயச் சபைக்காரர்களும் சொந்தக்காரர்களும் சாயா குடித்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். முற்றம் முழுக்கக் காகிதக் கப்பும் பழத்தோலும் பலா இலையும் கிடந்தன. மனைவி அடுக்களையில் இருந்து அழுதுகொண்டிருந்தாள். எனக்கு உட்காரவும் தோன்றவில்லை, நிற்கவும் தோன்றவில்லை. சுவரோரம் சாத்தியிருந்த ஈர்க்குத் துடைப்பத்தை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் அதற்கு வாரியல் என்று பெயர். நான் ரப்பர் வெட்டுகிறவன், மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவன். ஐம்பது வருஷமாக விடியற்காலையில் கையில் கத்திதான். துடைப்பத்தை எப்படிப் பிடிப்பது என்றுகூடச் சரியாகத் தெரியாது. எப்படியோ பாதி முற்றம் பெருக்கிவிட்டேன்.

மனைவி வெளியே வந்து பார்த்துவிட்டுப் போட்ட சத்தம் இன்னும் காதில் நிற்கிறது.

"அய்யோ, என்ன காரியம் செய்யிதீங்க! வாரியலக் கீழ போடுங்க!"

"குப்பை கெடக்குல்லா."

"கெடக்கட்டும்! பிள்ள இன்னும் உதியன்குளங்கரை தாண்டியிருக்க மாட்டா. அதுக்குள்ள முத்தம் தூத்துதீங்களே! பொணம் எறங்கின வீட்டுலதான் பொறத்தாலேயே தூத்துவாவ!"

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஒருவர் பயணம் புறப்பட்டால், அவர் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாதாம். என் அம்மா பெருக்கியிருக்கிறாள், அக்காமார் பெருக்கியிருக்கிறார்கள், மனைவி நாற்பது வருஷமாகப் பெருக்குகிறாள். எப்போது பெருக்குகிறார்கள், எப்போது பெருக்காமல் விடுகிறார்கள் என்று ஒரு நாளும் நான் கவனித்ததில்லை. அந்தக் காலத்தில் பம்பாய்க்கு வேலைக்குப் போனவன் சேர்ந்தானா என்று தெரியவே பத்து நாள் ஆகும். பத்து நாளும் பெருக்காமல் இருக்க முடியுமா? அதனால் அன்று அந்தி வரை என்று ஒரு எல்லை வைத்திருந்தார்களாம். இப்போது கையில் போன் வந்துவிட்டது. அதனால் வழக்கமும் செய்தி வரும்வரை நீண்டுபோய்விட்டது.

"சபையில இதெல்லாம் அந்தவிசுவாசம், மூடநம்பிக்கைன்னு சொல்லுகாவளே" என்று நான் மெல்லச் சொன்னேன்.

"விசுவாசம் சபையில. வாரியல் வீட்டுல" என்றாள்.

செம்மண் முற்றத்தில் மகளின் புது ஷூ பதிந்த தடம் வாசல் வரை இருந்தது. பாதியை நான் அழித்திருந்தேன்.

மனைவிக்கு அவளை அனுப்பவே மனசில்லை. காரக்கோணம் பக்கத்தில் நர்சிங் படித்து முடித்து, நெய்யாற்றின்கரையில் வேலையும் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை. மேல்படிப்பு என்று அவள் ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் ஆறு மாசம் சண்டை. நான் நடுவில் நின்று களைத்துப்போனேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். மேல்படிப்பு வேண்டும் என்று சொல்லவும் தெரியாது, வேண்டாம் என்று சொல்லவும் வராது. கடைசியில் ஒரு நாள் சோறு விளம்பும்போது மனைவி அகப்பையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"போ. ஆனா அங்க வச்சு ஒனக்கு வல்லதும் ஒரு ஆபத்து வந்ததுன்னு நான் அறிஞ்சா, அன்னைக்கே வண்டி ஏறணும். படிப்பு பாதியில கெடந்தாலும் சரி. சம்மதமா?"

"சம்மதம்மா."

"வந்தா பின்ன போக்கு இல்ல. கேட்டியா?"

"கேட்டேன்."

அவள் சொன்ன சொல்லை மாற்றுகிறவள் அல்ல. ஒருமுறை தன் கூடப்பிறந்த அண்ணன் வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று சொன்னாள். அந்த அண்ணன் வீட்டை விற்று வேறு இடத்துக்குப் போன பிறகுதான் அவரைப் பார்க்கப் போனாள். வீடு வேறு, படி வேறு என்று சொல்லிக்கொண்டாள்.

மகள் போய் இரண்டு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்த நேரத்தில், போனில் முகம் காட்டிப் பேசினாள். ஏதோ விளையாட்டில் சேர்ந்திருக்கிறாளாம். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் என்றால் காய்ச்சல் வந்துவிடும் பிள்ளை அவள்.

"என்ன விளையாட்டு மக்கா?"

"ஒரு கல்லு உண்டுப்பா. இருபது கிலோகிட்ட வரும். மேல இஸ்திரிப்பெட்டி மாதிரி கைப்பிடி. அத ஐஸ் மேல தள்ளி விடணும். தூரத்துல வட்டம் வரஞ்சிருக்கும். அதுக்குள்ள போய் நிக்கணும்."

"தள்ளி விட்டா அதோட தீந்துதா?"

"இல்ல. ரெண்டு பேரு கல்லுக்கு முன்னாலேயே ஐஸத் தூத்துகிட்டு ஓடணும். தூத்தினா கல்லு வழுக்கிகிட்டு கூடுதல் தூரம் போவும். தூத்துத ஆளு நானாக்கும்."

மனைவி போனைப் பிடுங்கினாள். "இஞ்ச இருபத்தஞ்சு வயசு வரைக்கும் முத்தம் தூத்த விளிச்சா தலைவேதனைன்னு படுத்துகிடுவா. அங்க போய் வெள்ளைக்காரனுக்க கல்லுக்கு முன்னால தூத்துதாளாம்! அதுக்கு ஏரோப்ளேன் வேற!"

மகள் சிரித்தாள். போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். பிறகு ஒருநாள் என்னிடம் தனியாகச் சொன்னாள். முதல் ஒரு மாசம் வகுப்பில் தவிர யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். கல்லூரி மைதானத்தில் ஒவ்வொரு விளையாட்டுக்காரரும் மேசை போட்டு ஆள் சேர்த்த நாளில், இந்த மேசையில் சூடாக சூப் கொடுத்தார்களாம். ஒன்றும் தெரியாதவர்களும் வரலாம் என்று எழுதி வைத்திருந்தார்களாம். குளிருக்கு சூப் குடிக்கப் போனவள் பெயரையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அங்கே ஆட்டம் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் எல்லாரும் எல்லாருக்கும் கைகொடுப்பார்களாம். "வாரத்துல ஒரு நாளாவது நாலுபேரு கையத் தொடுதேன்லாப்பா" என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். ஓடுகிற கல்லில் துடைப்பம் பட்டுவிட்டால் குற்றம். ஆனால் அதைப் பார்த்துச் சொல்ல ஆள் நிறுத்த மாட்டார்கள். பட வைத்தவரே கையைத் தூக்கி, பட்டுவிட்டது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். நான் அதை உதியன்குளங்கரை சாயாக்கடையில் சொன்னேன்.

"அப்போ ஓய், அந்த விளையாட்டு நம்ம ஊருக்கு ஒக்காது" என்றார் கடைக்காரர்.

நாங்களும் ஒருநாள் விளையாடிப் பார்த்தோம். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகை உண்டு. சிமென்ட் தரை. மழைக்காலம், மரம் வெட்ட முடியாமல் நான் சும்மா இருந்த நாள். மனைவி தரையைக் கழுவ சோப்புத் தண்ணீர் ஊற்றியிருந்தாள். ரப்பர் பால் உறைய வைக்கிற அலுமினியப் பாத்திரம் ஒன்றில் இரண்டு கருங்கல்லை வைத்து, முட்டு வலியோடு குனிந்து தள்ளி விட்டேன். "தூத்து பிள்ளே, தூத்து!" என்றேன். அவள் என்ன நினைத்தாளோ, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்திரத்துக்கு முன்னால் குனிந்து துடைப்பத்தால் சோப்புத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே ஓடினாள். பாத்திரம் போய் ஷீட் மெஷினின் இரும்புக் காலில் மோதி நின்றது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூன்று தடவை தள்ளினோம். பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"எந்தா அக்கா, ரெண்டு பேருக்கும் வட்டு பிடிச்சாச்சா?"

"எனக்க மோளுக்க விளையாட்டாக்கும் இது. நீ பாத்துப் படி" என்றாள் மனைவி.

நாலாவது தடவைக்கு நான் பாத்திரத்தை எடுத்து வைத்தபோது அவள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இது போற வழிக்கு முன்னால தூத்துதது. நீங்க அன்னைக்குத் தூத்தினது பொறத்தால" என்றாள்.

துடைப்பத்தைச் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் கல்லை எடுத்து வெளியே போட்டேன். அன்று பூராவும் இடுப்பு வலித்தது.

ஜனவரி கடைசியில் அது நடந்தது. வெட்டு முடித்துவிட்டு சாயாக்கடையில் உட்கார்ந்திருந்தேன். காலை பதினொன்று. அங்கே அப்போது விடிந்திருக்காது. போனில் மகள்.

"அப்பா, அம்மா பக்கத்துல உண்டா?"

"இல்ல மக்கா. நான் சாயாக்கடையில."

"நேத்து தூத்தும்போ வழுக்கி விழுந்துட்டேன்ப்பா. வலது கை மணிக்கட்டு ஒடிஞ்சு போச்சு. மாவுக்கட்டு போட்டிருக்கு. ஆறு வாரம்."

நான் சாயா கிளாசைக் கீழே வைத்துவிட்டேன். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"வேதனை உண்டா மக்கா?"

"உண்டு. அத விடுங்க. இன்னும் எட்டு வாரத்துல எனக்கு ஆஸ்பத்திரி வார்டுல பயிற்சி தொடங்கும். அதுக்குள்ள கை சரியாகும்னு டாக்டர் சொல்லியாச்சு. அம்மைக்குத் தெரிஞ்சா இப்பவே வரணும். வந்தா பின்ன போக்கு இல்ல. ஆறு வாரம் சொல்லாம இருப்பீங்களாப்பா?"

"இருக்கேன்" என்றேன். வேறு என்ன சொல்ல? சாயா ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

அந்த ஆறு வாரம் போல ஒரு காலம் எனக்கு வந்ததில்லை. இளவயசில் ஒருநாளைக்கு நானூறு மரம் வெட்டியிருக்கிறேன். அதுகூட இப்படி உடம்பைத் தின்றதில்லை. வாயைத் திறந்தால் அதுவே வந்துவிடுமோ என்று பயந்து பேச்சைக் குறைத்தேன். மகள் விழுந்தது துடைப்பத்தோடு. நான் துடைப்பம் எடுத்த அந்த நாள் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, மரத்தில் கத்தி வைக்கும்போது அழுத்தம் கூடிப் பட்டைக்கு உள்ளே வரை போய்விட்டது. ஒரு மரத்தை அப்படிக் காயப்படுத்தினால் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். அந்த வாரம் மூன்று மரம் அப்படியாயிற்று.

அடுத்த ஞாயிறு மகள் போனில் வந்தாள். பெரிய கம்பளிக் கோட்டு. கை இரண்டும் கேமராவுக்குக் கீழே. பார்த்ததும் மனைவி அலறினாள்.

"எனக்க தெய்வமே! முடிய எங்கட்டீ?"

இடுப்பு வரை கிடந்த முடி கழுத்தோடு நின்றது.

"இங்க குளிருக்குக் காய மாட்டேங்குதும்மா. அதான் வெட்டிட்டேன்."

"காயல்லன்னா தலைய வெட்டுவியாட்டீ? இருபது வருஷம் எண்ணெய் தேச்சது நானாக்கும்! அந்த முடிய வச்சாக்கும் ஆளுக ஒன்ன அடையாளம் சொல்லுகது!"

அரைமணி நேரம் திட்டினாள். மகள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இடையில் ஒரு தடவை தண்ணீர் எடுத்துக் குடித்தாள். மனைவி சட்டென்று நிறுத்தினாள். போனையே பார்த்தாள். பிறகு குரல் தாழ்ந்து, "செரி, போவட்டு. சாப்பிட்டியா மோளே?" என்றாள். முடி விஷயத்துக்கு ஒரு வருஷமாவது சண்டை நடக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அதன் பிறகு அவள் முடியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அந்த வாரமே காரக்கோணத்துப் பக்கமிருந்து ஒரு பையன் அதே ஊருக்குப் படிக்கப் போவதாகத் தெரிந்து, அவன் கையில் பலகாரம் கொடுத்து அனுப்பினாள். அடுக்களையில் டப்பாக்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மூடியையும் இடது கையால் திறந்து பார்த்தாள். இறுக்கமானதை எல்லாம் ஒதுக்கினாள். முறுக்கை ஒடித்துச் சின்னதாக்கினாள். மீன் ஊறுகாயைக் குப்பியில் போடாமல், ஒரு வேளைக்கு ஒன்றாகச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, வாயை லேசாக நறுக்கி வைத்தாள்.

"வலது கைக்கு என்ன?" என்று கேட்டேன்.

"வாதம்" என்றாள்.

எனக்கு அப்போதும் ஒன்றும் புரியவில்லை. ரகசியம் வைத்திருப்பவனுக்குத் தன் ரகசியத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை போலிருக்கிறது.

நாலாவது வாரம் நெய்யாற்றின்கரைக்குப் பிரஷர் பார்க்கப் போனோம். மாசாமாசம் இரண்டு பேரும் சேர்ந்து போவது வழக்கம். டாக்டர் எனக்குப் பார்த்துவிட்டு, "என்ன அப்பச்சா, வல்லதும் டென்ஷன் உண்டா?" என்றார். இல்லை என்றேன். மாத்திரையைக் கூட்டி எழுதினார். மனைவிக்கும் கூட்டி எழுதினார்.

பஸ் ஸ்டாண்டில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். பாறசாலை பஸ் வர நேரம் இருந்தது. நான் களைத்துப்போயிருந்தேன். பட வைத்தவனே கையைத் தூக்க வேண்டும் என்று மகள் சொன்னதுதான் மனசில் ஓடியது. சொல்லிவிட்டால் மகளின் படிப்பு போய்விடும். சொல்லாவிட்டால் நான் போய்விடுவேன் போலிருந்தது. கடைசியில் வாயைத் திறந்தேன்.

"ஒரு காரியம் பறையணும்."

"பறையாதீங்க" என்றாள்.

"இல்ல பிள்ளே, பிள்ளைக்கு..."

"பறையாதீங்கன்னு சொன்னேன்லா. நீங்க பறஞ்சா நான் அறிஞ்சதா ஆவும். அறிஞ்சா அவள விளிக்கணும். நான் சொன்ன சொல்லு அப்பிடியில்லியா?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒத்தக் கைய வச்சு அம்பிடு முடியப் பின்னிக் கெட்ட ஒக்குமா?" என்றாள். "தண்ணி குடிச்சது எடது கையால. நீங்களானா நாலு வாரமா பேயறஞ்ச மாதிரி நடக்கீங்க. எனக்குக் கண்ணு இல்லியா?"

"அப்போ ஒனக்கு..."

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். "அவ வந்து அழுதுகிட்டு இந்த வீட்டுல இருக்கதப் பாக்க எனக்கு ஒக்காது. அதனால தெரியாது."

பக்கத்தில் ஒருவர் லாட்டரிச் சீட்டு விற்றுக்கொண்டு போனார். பிறகு நான் கேட்டேன்.

"அன்னைக்கு நான் தூத்தினதனாலன்னு நெனைக்கியா?"

அவள் மாத்திரைப் பொட்டலத்தைப் பைக்குள் வைத்தாள்.

"நெனச்சேன். பின்ன நெனச்சு நெனச்சு மடுத்துச் சலிச்சுப் போச்சு. பஸ் வருது, எந்திரிங்க."

மார்ச்சில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். வார்டு பயிற்சிக்கு மகள் போய்விட்டாள். வலியோடுதான் போனாள் என்று என்னிடம் சொன்னாள். மனைவியிடம், எல்லாம் சுகம் என்றாள். மனைவியும் சுகம் என்று கேட்டுக்கொண்டாள். விளையாட்டுக்கும் போகிறாள். ஆனால் பெருக்க மாட்டாள். வட்டத்துக்குப் பக்கத்தில் நின்று, பெருக்கு, போதும், பெருக்கு என்று கத்துகிற வேலையாம். "அது ஒனக்க அம்மையிட்ட இருந்து கிட்டினதாக்கும்" என்றேன்.

படிப்பு முடிந்து, அங்கேயே வேலையும் கிடைத்து, மூன்று வாரம் லீவில் வந்தாள். முடி தோள் வரை வளர்ந்திருந்தது. வந்த அன்று மதியம் சாப்பிட்டு முடித்ததும், மனைவி நல்லெண்ணெய் சூடாக்கிக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்காமல் வலது கையைப் பிடித்து மடியில் வைத்து, மணிக்கட்டைத் தேய்க்க ஆரம்பித்தாள். எலும்பு சேர்ந்த இடத்தில் ஒரு சின்ன மேடு இருந்தது. மகள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். மூன்று வாரமும் தினம் மதியம் அது நடந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

போன வாரம் திரும்பிப் போனாள். மத்தியில் ஏதோ ஊரில் விமானம் மாறுவது தவறி, ஒரு நாள் பூராவும் அங்கேயே உட்கார வேண்டியதாயிற்று. பலாமரம் இலை உதிர்க்கும் காலம். முதல் நாள் முற்றம் மறைந்தது. இரண்டாம் நாள் வாசற்படி வரை வந்தது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "ஆளு இல்லாத வீடு மாதிரி கெடக்கே அக்கா" என்றாள். மனைவி, "கெடக்கட்டு" என்றாள். இலையின் மேல் நடந்து போய் நான் இரண்டு நாளும் மரம் வெட்டிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் மகள் பேசினாள். அறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். களைப்பு, தூங்கப் போகிறேன் என்றாள். மனைவி போனை வைத்துவிட்டு, மூலையிலிருந்து துடைப்பத்தை எடுத்துவந்தாள். துடைப்பத்தைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது என்றும் ஒரு வழக்கம் உண்டு. எனக்கு முன்னால் தரையில் போட்டாள்.

"இனி தூத்துங்க" என்றாள்.

எடுத்துப் பெருக்கினேன். பாதி முற்றம் ஆனதும் இடுப்பு பிடித்துக்கொண்டது. மீதியை அவள் பெருக்கினாள்.